இருபத்தைந்தாவது பயனாளி

கடலூரில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நலப்பிரிவு அலுவலக வாசலில் ஐம்பது கம்பளிக் கோட்டுகள் வந்து இறங்கின. முழங்கால் வரை தொங்குகிற, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, தலைக்குத் தொப்பியோடு கூடிய கோட்டுகள். லாரி டிரைவர் கையெழுத்துக் கேட்டார். இளநிலை உதவியாளர் அமராவதி போட்டுக் கொடுத்தாள். பதினாறு வருஷ சர்வீஸில் அவள் தெரிந்துகொண்டது ஒன்றுதான். வந்த சாமான் ஏன் வந்தது என்று கேட்டால், அதற்கும் ஒரு கோப்பு திறக்க வேண்டிவரும்.

கோட்டுகளுக்கு முன்பே சுற்றறிக்கை வந்துவிட்டது. மாவட்டந்தோறும் 'கறுப்பினக் குடியிருப்போர் ஆதரவு மையம்' ஒன்று திறக்க வேண்டுமாம். மேலே யாரோ ஒரு புண்ணியவான், குளிர்தேசத்து நகரம் ஒன்றில் இப்படி ஒரு மையத்தைப் பார்த்து மனம் உருகி, அதன் விதிகளை ஒன்றுவிடாமல் தமிழில் பெயர்த்து அனுப்பிவிட்டார். நல்ல மனசுதான், அதைக் குறை சொல்வானேன். முப்பத்திரண்டு பக்கம். மூன்றாம் பக்கத்தில் பயனாளிகளுக்குக் குளிர்கால உடை. ஏழாம் பக்கத்தில் முதியோர் வீட்டு வாசலில் பனி அள்ளத் தொண்டர் படை.

"பனிய எங்கேர்ந்துங்க அள்றது?" என்று கேட்டார் கண்காணிப்பாளர் ஸ்ரீதர். அமராவதிக்கு மேலதிகாரி. எந்தக் காகிதத்துக்கும் பதில் எழுதாமல் சாப்பிடப் போகாதவர்.

"மார்கழியில கொஞ்சம் பெய்யும் சார்."

"அப்ப மார்கழின்னு எழுதிடுங்க."

மே மாதம் முடிவதற்குள் ஒரு கட்டடம், ஓர் ஆலோசனைக் குழு, இருபத்தைந்து பயனாளிகள். மூன்றும் சேர்ந்தால்தான் மையம். ஒரு தலை குறைந்தாலும் கிடையாது. ஸ்ரீதர் சுற்றறிக்கையை மூடிவைத்தார். "இருபத்தஞ்சு பேருக்கு எங்கம்மா போறது? உங்களுக்கு யாரையாச்சும் தெரியுமா?"

"ஒருத்தரத் தெரியும் சார். நீமா."

நீமா தான்சானியாக்காரி. சிதம்பரத்தில் ஐந்து வருஷம் தங்கி மண்ணியலில் ஆராய்ச்சி முடித்தவள். சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருந்தது. விடுதியை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். இருபத்தெட்டாம் தேதி அவளுடைய ஆறு வயது மகள் சவாடி, சித்தியோடு விமானம் ஏறி வருகிறாள். மூன்று வருஷமாக அம்மாவைப் போன் திரையில் மட்டும் பார்த்த குழந்தை. அதற்குள் கடலூரில் நீமாவுக்கு ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்காக அலுவலகம் அலுவலகமாகப் போய், ஒவ்வொருவரும் பக்கத்து மேசையைக் காட்ட, கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தவள் அமராவதி. அதற்கு அப்புறம் கைகாட்ட மேசை இல்லை.

பதினாறு வீடு பார்த்தாகிவிட்டது என்றாள் நீமா. பதினேழாவதை அமராவதியே காட்டினாள். அதுதான் அவள் செய்த தப்பு, அல்லது நல்ல காரியம், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அது செம்மண்டலத்தில் அவளும் கணவன் ராஜவேலும் கீழே வாடகைக்கு இருக்கிற வீட்டின் மாடி. சொந்தக்காரர் உத்திராபதி, ஓய்வுபெற்ற சர்வேயர். கீழ்வீட்டின் முன்பக்கம் அவருக்கு, பின்பக்கம் இவர்களுக்கு. கேட்டில் 'மாடி வாடகைக்கு' என்ற பலகை ஐந்து மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

உத்திராபதி நீமாவைப் பார்த்தார். பிறகு, குற்றமெல்லாம் அதன்மீதுதான் என்பதுபோலப் பலகையைப் பார்த்தார். அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அடடா, பையன் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வர்றானே. மாடியில அவன்தான் இருக்கணும்."

பையன் பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அது அமராவதிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது உத்திராபதிக்கும் தெரியும். அமராவதி வாயைத் திறக்கவில்லை. கேட்டைத் தாண்டி வந்ததும் நீமா, "பரவாயில்லக்கா. நான் பாத்த பதினேழு வூட்டுல ஒம்போது வூட்டுக்குப் பையன் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வர்றான். அந்த ஊர்ல யாரும் மிச்சமிருக்க மாட்டாங்க" என்று சிரித்தாள். அமராவதிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கேட்டில் நின்றபோது உத்திராபதி அவளிடம், "சொந்த ஊரு எது?" என்றார். "குமராட்சி பக்கம் சார்." "ஊரா, காலனியா?" அதற்கு முன் பதினோரு வீட்டில் அவள் உண்மையைச் சொல்லி, பதினோரு வீட்டுக்காரர்களும் ஏதோ நினைவு வந்தவர்களாக உள்ளே போயிருந்தார்கள். பன்னிரண்டாவது கேட்டில் கால் வலித்தது. "ஊருதான் சார்," என்றாள். "சைவமா?" "சுத்த சைவம் சார்." அன்றிலிருந்து அந்த வீட்டில் கருவாடு மணந்ததில்லை. மாதம் ஒருமுறை மினிபஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போய், கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு காலி செய்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு நாலு முறை கழுவிவிட்டு வருவாள். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற பெண் திருடியைப் போல விரலை மோந்து பார்த்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது கேவலம் என்று அவளுக்கே தெரியும்.

இப்போது ஆதரவு மையத்துக்குக் கட்டடம் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்ததோ இல்லையோ, முதல் ஆளாக வந்து நின்றவர் உத்திராபதி.

"என் மாடிய எடுத்துக்கங்க சார். காலியாத்தான் கெடக்குது."

"பையன் வர்றாருன்னீங்களே சார்?" என்றாள் அமராவதி.

"அவன் எங்கம்மா வரப்போறான்." அவர் முகத்தில் கூச்சத்தின் சாயல்கூட இல்லை. "கல்வெட்டு வெப்பீங்கல்ல? இடம் வழங்கியவர்னு என் பேர் வரணும். எழுத்து தங்க கலர்ல இருந்தா நல்லாருக்கும்."

நீமாவுக்கு இல்லாத மாடி, நீமாக்களுக்கு உதவும் மையத்துக்கு இருந்தது. அதற்கான ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோதுதான் அமராவதி சுற்றறிக்கையின் பதினாலாம் பக்கத்தை முதன்முதலாகப் படித்தாள். அதுவரை அதை யாரும் படித்ததில்லை, மொழிபெயர்த்தவரே படித்திருப்பாரா என்பது சந்தேகம். 'மையத்தில் பயனாளிகளில் ஒருவர் உறைவிடக் காப்பாளராகக் குடும்பத்துடன் தங்குவார். வீடு அதிக முறை மறுக்கப்பட்டவருக்கு முன்னுரிமை. வீடிழந்த பயனாளிகளைத் தற்காலிகமாகத் தங்கவைக்கக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு.' அதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பந்தத்தில் ஏற்றினாள். விண்ணப்பப் பாரமும் அவள் கையால்தான் தயாரானது. அதில் ஒரு கட்டம் போட்டாள்: 'உங்களுக்கு வீடு மறுக்கப்பட்டதுண்டா? எத்தனை முறை? யாரால்?'

பதினொரு மாத ஒப்பந்தத்தில் உத்திராபதி நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார். படித்தது கல்வெட்டு வாசகத்தை மட்டும்.

ஆலோசனைக் குழுவுக்கும் அவரே தலைவர். குழுவில் ஐந்து பேர், ஐவரில் ஒருவர்கூட ஆப்பிரிக்காவை அட்லஸைத் தாண்டிப் பார்த்தவரில்லை. முதல் கூட்டத்துக்கு நீமாவைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். பியூட்டி பார்லர் நடத்துகிற புஷ்பவள்ளி எழுந்து, கறுப்பின மக்களுக்கு மாதம் ஒருமுறை இலவச பேஷியல் முகாம் நடத்தலாம், மூன்றே வாரத்தில் பளிச்சென்று ஆகிவிடுவார்கள் என்றார். பாவம், நிஜமான அன்போடுதான் சொன்னார்.

"எனக்கு வூடு வேணுங்க," என்றாள் நீமா.

"அது அஜெண்டாவுல பதினெட்டாவதா இருக்குதும்மா," என்றார் தலைவர். பதினேழாவதோடு கூட்டம் முடிந்தது. போகும்போது இன்னொரு சால்வை போர்த்தினார்கள்.

நாள் இருபதைத் தொட்டது. பயனாளிகளைத்தான் காணோம். சுற்றறிக்கையில் தகுதி என்ன என்று ஸ்ரீதர் தேடினார். 'தம்மைக் கறுப்பினத்தவர் எனக் கருதும் குடியிருப்போர் எவரும்' என்று இருந்தது. "எவரும்னா எவரும்தானே?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு அதையே அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். கீழே, கம்பளிக் கோட்டு இலவசம் என்ற வரியும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலை வரிசை தெருமுனை தாண்டி நின்றது. கல்யாண போட்டோவுக்கு அரை டப்பா பவுடர் அப்புகிற ஊர், வரன் விவரத்தில் எல்லோரையும் மாநிறம் என்று எழுதுகிற ஊர், அன்றைக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு 'என்னப் பாருங்க சார், என்னப் பாருங்க' என்று முண்டியடித்தது. நாளைக்குத் தணிக்கையில் ஆதாரம் கேட்பார்களே என்று பயந்த ஸ்ரீதர், பெயிண்டு கடையிலிருந்து கலர் அட்டை ஒன்றை வாங்கிவந்து, ஒவ்வொருவர் முழங்கையிலும் வைத்துப் பார்த்து எண் போட ஆரம்பித்தார். நாற்பதோ அதற்கு மேலோ என்றால் தகுதி.

"முப்பத்தெட்டு."

"சார், ரெண்டு நம்பர் ஜாஸ்தி போடுங்க சார். வெயில்ல நிக்கிறேன், சாயங்காலத்துக்குள்ள ஏறிடும்."

அந்த நேரத்தில்தான் நீமா வந்தாள். வரிசையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். "எனக்கு என்னா நம்பர் சார்?"

"உங்களுக்கு அட்டை தேவையில்லம்மா," என்று ஸ்ரீதர் குழைந்தார்.

"ஆமா சார். எனக்குத்தான் ஊரு முழுக்க அட்டை வெச்சுப் பாத்தாச்சே." முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "இருவத்தெட்டாம் தேதி என் புள்ள வருது சார். ஏர்போர்ட்லேர்ந்து எங்க கூட்டிம்போறது? இந்தக் கோட்டுக்குள்ளயா?"

ஸ்ரீதர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

வரிசையும் நிலைக்கவில்லை. பெயர், விலாசத்தோடு பயனாளிப் பட்டியல் சுவரில் ஒட்டப்படும் என்றதும் கூட்டம் கரைந்தது. பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம் என்றார்கள், சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார்கள். கடைசியில் மிஞ்சியது இருபத்துநாலு பேர். அதில் முதல் எண் உத்திராபதி. ஜூலையில் மகனைப் பார்க்க மெல்போர்ன் போகிறாராம், அங்கே அப்போது நல்ல குளிராம், கோட்டு ஆகுமாம். தலைவர் என்பதால் முதல் எண். நீமாவுக்கு இரண்டு.

இருபத்தாறாம் தேதி திறப்பு விழா. அன்று காலை ஸ்ரீதர் மறுபடியும் தலைகளை எண்ணினார். "ஒண்ணு கொறையுது. அமராவதி, நீங்களே போட்டுக்கங்க. சும்மா ஒரு பாரம்தானே."

அவளே அடித்த பாரம். பெயர் எழுதினாள், ஊர் எழுதினாள். 'வீடு மறுக்கப்பட்டதுண்டா?' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'இல்லை' என்று மூன்றெழுத்து எழுதினால் முடிந்தது. மூன்று வருஷமாக வாயால் சொன்னதைக் கையால் எழுத வேண்டியதுதான். ஆனால் இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டவள் அவளேதான், அவளே பொய் சொன்னால் எப்படி? உண்மையை எழுதி, கட்டுக்கு அடியில் செருகினாள்.

உத்திராபதி வீட்டு வாசலிலேயே ஷாமியானா. கல்வெட்டில் தங்க எழுத்து மின்னியது. முதல் பயனாளிக்கு மேடையில் கோட்டு அணிவிக்கப்பட்டது. உத்திராபதி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, தொப்பியையும் போட்டுக்கொண்டு, நூற்றுநாலு டிகிரி வெயிலில் கைகூப்பி நின்றார். போட்டோ எடுத்து முடிந்து கழற்றப் பார்த்தபோது ஜிப் துணியைக் கடித்துக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. புஷ்பவள்ளி தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார். எண்ணெய்தான் வீண்.

ஸ்ரீதர் மைக்கைப் பிடித்தார். "பதினாலாம் பக்கத்தின்படி, மாடியில் குடும்பத்தோடு தங்கப்போகும் உறைவிடக் காப்பாளரை இப்போது தேர்வு செய்வோம்."

"என்னாது, குடும்பத்தோடயா? என் மாடியிலயா?" என்றார் கோட்டுக்குள்ளிருந்து உத்திராபதி.

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்."

உத்திராபதி சர்வேயராக இருந்தவர், வழி தேடத் தெரிந்தவர். "அப்ப நானே காப்பாளரா இருந்துக்கறேன். நானும் கறுப்பினம்தான், பதிவேட்டுல மொத பேரே என் பேரு!"

கூட்டத்தில் சிலர் கைதட்டிவிட்டார்கள், பழக்கதோஷம். ஆனால் விதி என்றால் ஸ்ரீதருக்கு விதிதான். முன்னுரிமையைப் பார்க்கப் பாரங்களை எடுத்துச் சபையறிய வாசிக்கத் தொடங்கினார்.

"எண் ஒன்று, உத்திராபதி. வீடு மறுக்கப்பட்டதுண்டா? இல்லை." கட்டிலிருந்து அடுத்ததை எடுத்தார். "எண் இரண்டு, நீமா. மறுக்கப்பட்டது பதினேழு முறை. யாரால்?" வரிசையாகப் பதினாறு விலாசம் வாசித்தார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்கள். "பதினேழாவது, உத்திராபதி, செம்மண்டலம்." நிமிர்ந்து கல்வெட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, "இதே விலாசம்," என்றார்.

வாசிக்க ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. மூன்று, நான்கு, ஐந்து. பிளம்பர் ஒருவருக்கு ஆறு முறை. டெய்லர் ஒருவருக்கு நாலு முறை. கோட்டுக்காக வந்தவர்கள்தான், ஆனால் அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஏதோ எழுதியிருந்தார்கள். அமராவதி ஷாமியானா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய் அந்தக் கடைசிக் காகிதத்தைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கம்பத்தை விடவில்லை.

"எண் இருபத்தைந்து, அமராவதி. மறுக்கப்பட்டது பதினோரு முறை. யாரால்? 'பதினோரு பேரின் பெயரும் நினைவிருக்கிறது. பன்னிரண்டாவது வீட்டில் காலனி என்பதை மறைத்துப் பொய் சொல்லிக் குடியேறினேன். வீட்டுக்காரர் உத்திராபதி.'" ஸ்ரீதர் கண்ணாடியைக் கழற்றினார். பதினாறு வருஷமாக எதிர்மேசையில் உட்கார்ந்திருந்தவர், அன்றைக்குத்தான் அவளை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு, "பதினேழுதான் அதிகம். காப்பாளர் நீமா," என்று சொல்லி உட்கார்ந்தார்.

விழா முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது உத்திராபதி பின்பக்கத்துக்கு வந்தார். ஜிப் இன்னும் திறக்கவில்லை. தலையிலிருந்து வேர்வை ஊற்றியது.

"மூணு வருஷம்," என்றார். "மூணு வருஷம் என் கெணத்துத் தண்ணி, என் வாசப்படி. மூணே நாள்ல காலி பண்ணிடுங்க."

"சரி சார்," என்றாள் அமராவதி. பயப்படுவோம் என்று நினைத்திருந்தாள், பயம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ராஜவேல், "கோட்ட மொதல்ல கத்தரியில வெட்டிக் கழட்டுங்க சார், மயக்கம் வந்துரப்போவுது," என்றான்.

இருபத்தெட்டாம் தேதி சவாடி வந்தாள். படி ஏறும்போதே எண்ணிக்கொண்டு ஏறினாள், பதினெட்டுப் படி. மறுநாள் காலை மையம் முதல்முறையாக வேலையைத் தொடங்கியது. மேசைக்குப் பின்னால் காப்பாளர் நீமா, மேசைமேல் பதிவேடு, சுவரோரம், மேடையில் உத்திராபதி பட்ட பாட்டைப் பார்த்தபிறகு யாரும் வாங்கிப்போகாத நாற்பத்தொன்பது கோட்டுகள். அவற்றை மெத்தைபோல அடுக்கி அதன்மேல் சவாடி குதித்துக்கொண்டிருந்தாள்.

அமராவதி படியேறி வந்து, மனுதாரர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழே ராஜவேல் பாத்திரங்களை மூட்டை கட்டுகிற சத்தம் கேட்டது.

"பிரச்சன என்னாக்கா?" என்று பாரத்தை எடுத்தாள் நீமா, அசல் அதிகாரியின் முகத்தோடு.

"வூடு இல்ல. வூட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

"எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

"உள் ரூம் காலியா இருக்கு. தற்காலிகமாத் தங்க வெக்க எனக்கு அதிகாரம் இருக்கு, பதினாலாம் பக்கம்." எழுதினாள். "என்னா சாப்புடுவீங்க?"

அது பாரத்தில் இல்லாத கேள்வி. அமராவதி ஜன்னல் வழியே கீழே ஒருமுறை பார்த்தாள். "கருவாடு," என்றாள்.

நீமா எழுந்து போய், ஊரிலிருந்து தங்கை கொண்டுவந்த பையை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். உள்ளே விரல்நீளத்துக்கு வெள்ளி வெள்ளியாகக் காய்ந்த பொடிமீன். 'டகா' என்று பெயராம். மணம் அப்படியே நெத்திலிக் கருவாடு. ஜன்னல் திறந்திருந்தது, மணம் கீழே இறங்கியிருக்க வேண்டும். உத்திராபதியின் முன்பக்கக் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

"சொந்த ஊரு?" என்று அடுத்த கட்டத்துக்குப் போனாள் நீமா.

"குமராட்சி பக்கம்."

நீமா எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். அமராவதி காத்திருந்தாள். அடுத்த கேள்வி வரவேயில்லை.

"காலனி," என்றாள் அவளே.

"அப்பிடி ஒரு கட்டம் இதுல இல்லியேக்கா. நீங்கதான பாரம் அடிச்சது?"

"இல்லதான். ஓரத்துல எழுதிக்க," என்றாள் அமராவதி.